முள்ளும் எண்ணும் சேர்ந்த பழைய ஜப்பான் வாட்சுகள்: மலையில் இருந்து சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பழைய ஜப்பான் வாட்ச் தேடுகிறவர்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறார்கள். அதிலும் டயலில் முள்ளும், பக்கத்தில் சின்னத் திரையில் எண்ணும் ஓடும் வகைக்குத் தனி மோகம். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதியிருக்கிறேன். சமவெளிக்காரர்களுக்கும் பயன்படும். ஆனால் பனி, மழை, ஈரம் பற்றிய பகுதிகள் முதலில் மலைக்காரர்களுக்குத்தான்.

அனா-டிஜி என்றால் எது? எல்லா பழைய டிஜிட்டல் வாட்சும் இதில் சேருமா?

சேராது. ஒரே வாட்சில் முள் ஓடும் டயலும் எல்சிடி திரையும் இரண்டும் இருந்தால்தான் அனலாக்-டிஜிட்டல், சுருக்கமாக அனா-டிஜி.

இது பிறந்த காலத்தைத் தெரிந்துகொண்டால் இதன் மேல் வரும் ஆசை புரியும். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ தன் குவார்ட்ஸ் ஆஸ்ட்ரானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள் வைத்த வாட்ச்தான், ஆனால் உள்ளே பேட்டரி செல்லில் அதிரும் குவார்ட்ஸ் படிகம். 1973-ல் அதே நிறுவனம் ஆறு இலக்கம் காட்டும் எல்சிடி வாட்சை விட்டது. அடுத்த வருடம் கேசியோ தன் கேசியோட்ரானோடு வந்து சேர்ந்தது. முள்தான் அழகு என்று ஒரு கூட்டம், எண்தான் எதிர்காலம் என்று இன்னொரு கூட்டம். 1970களின் கடைசியிலும் 1980களிலும் ஜப்பான் பொறியாளர்கள் இரண்டையும் ஒரே கேஸுக்குள் வைத்தார்கள். முள் பார்த்த உடனே மணி சொல்லும். திரை தேதி, அலாரம், ஸ்டாப்வாட்ச், இரண்டாவது நாட்டு நேரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பல மாடல்களில் முள்ளைக் கீ இழுத்துத் திருப்ப வேண்டும், எண்ணைப் பட்டனில் வைக்க வேண்டும். அதனால் முள்ளில் இந்திய நேரம், எண்ணில் துபாய் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

எந்த மாடல்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

பட்டியல் போட்டால் முடியாது. என் மனதுக்கு நெருக்கமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சீக்கோ எச்357 மெல்லிய, நேர்த்தியான ஒன்று. முள் டயலும் சின்னத் திரையும் சேர்ந்தது. 1981-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோஜர் மூர் கையில் இந்த வகைதான் இருந்தது. அதனால் விலை ஏறிக் கிடக்கிறது. பாண்ட் கட்டிய அதே மாடல் எண் வேண்டாம் என்றால், எச்357 மெஷினிலேயே வந்த மற்ற மாடல்கள் அவ்வளவு விலை போவதில்லை. அழகிலும் குறைவில்லை.

சீக்கோ எச்558, 1982. முள்ளும் எண்ணும் சேர்ந்த முதல் டைவர் வாட்ச், 150 மீட்டர். கேஸைச் சுற்றிக் கருப்புப் பிளாஸ்டிக் கவசம் இருக்கும். அர்னால்ட் ஸ்வார்செனெகர் தன் 1980களின் ஆக்‌ஷன் படங்களில் கட்டியதால் உலகம் முழுக்க சேகரிப்பவர்கள் இதை 'ஆர்னி' என்றே கூப்பிடுகிறார்கள்.

சிட்டிசன் அனா-டிஜி டெம்ப், 1980களின் தொடக்கம். சதுர முகத்தில் டயல், திரை என்று நெருக்கி அடுக்கி, போதாததற்கு வெப்பநிலையும் காட்டும். கையில் கட்டியிருக்கும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்துக் காட்டிவிடும். சரியான அளவு வேண்டுமென்றால் கழற்றி மேசையில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். ஜனவரி விடியலில் ஊட்டியில் ஜன்னல் ஓரமாக வைத்துப் பார்த்தால்தான் இதை ஏன் விரும்புகிறார்கள் என்று தெரியும்.

சிட்டிசன் அக்வாலேண்ட், 1985. எலக்ட்ரானிக் ஆழமானி பொருத்திய முதல் டைவர் வாட்ச். இடது பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் அந்த சென்சார்தான் அடையாளம். மலையில் நமக்கு எதற்கு ஆழமானி என்று கேட்பார்கள். கேட்கட்டும், அப்படி ஒரு யோசனையை உலோகத்தில் செய்து பார்த்திருக்கிறார்களே, அதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

கேசியோ ஏடபிள்யூ-500, 1989. அடி தாங்கும் ஜி-ஷாக் வரிசையில் முள் வைத்து வந்த முதல் வாட்ச். அடி வாங்கினால் முள் நகர்ந்துவிடும் என்பதுதான் அதுவரை இருந்த பயம், அதைத் தாண்டி வந்த மாடல் இது.

'அபூர்வம்' என்று விற்பவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

மாடல் பெயரை வைத்து அபூர்வம் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆர்னியை எடுத்துக்கொள்ளுங்கள், தேடினால் கிடைக்கும். ஆனால் உடையாத ஒரிஜினல் கவசம், அந்தக் காலத்து ஸ்ட்ராப், கறை விழாத திரை, சத்தம் வரும் அலாரம், எரியும் லைட் இவை எல்லாம் சேர்ந்த ஆர்னி கிடைப்பது கஷ்டம். சீக்கோவின் இன்னொரு பிராண்டான ஆல்பாவில் (Alba) பெயர் தெரியாத அனா-டிஜி ஒன்று பெட்டியோடும் மேனுவலோடும் வந்தால் அதுதான் அபூர்வம்.

முள் வாட்ச் சேகரிப்பவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. சாவி கொடுக்கும் பழைய எச்எம்டி நின்றுபோனால் நல்ல கைவினைஞர் ஒருவர் ஓட வைத்துவிடுவார். அனா-டிஜியில் எல்சிடி கண்ணாடியோ சர்க்யூட்டோ போனால் புதிதாகச் செய்து தருவார் யாரும் இல்லை, செத்த இன்னொரு வாட்சில் இருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் நான் காசு கொடுப்பது முதலில் திரைக்கு, அப்புறம்தான் பெயருக்கு.

நம் மலையில் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கடை ஷோகேஸில் இல்லை. 1991-க்கு முன் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டில் இந்த வாட்சுகள் முறையாக இங்கே விற்பனைக்கு வந்தது குறைவு. மனிதர்களோடு வந்தவைதான் அதிகம். சிங்கப்பூரில் இருந்து, வளைகுடாவில் இருந்து, சென்னை பர்மா பஜாரில் இருந்து. நீலகிரியில் இன்னும் சில வழிகள் உண்டு. வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வெளிநாட்டு அதிகாரிகள் வந்து படித்துப் போகிறார்கள். லவ்டேல், ஊட்டி விடுதிப் பள்ளிகளில் பெற்றோர் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் படித்தார்கள். எஸ்டேட் பங்களாக்கள் கைமாறும்போது பழைய சாமான்கள் வெளியே வரும்.

அதனால் தேட வேண்டிய இடம் வீடுகளும் பழைய வாட்ச் ரிப்பேர் கடைகளும்தான். முப்பது நாற்பது வருடமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரரிடம் ஒரு டப்பா இருக்கும். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் வாட்சுகள் அதில் கிடக்கும். முதல் நாளே டப்பாவைக் கேட்காதீர்கள். ஒரு செல் மாற்றுங்கள், ஸ்ட்ராப் போடுங்கள், பேசுங்கள். "அண்ணே, ரெண்டும் காட்டுற பழைய ஜப்பான் வாட்ச் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அவருக்குப் புரியும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்கும்போது நியாயமான விலையைச் சொல்லிக் கேளுங்கள். நெட்டில் என்ன விலை போகிறது என்று தெரியாத ஒருவரிடம் இருநூறு ரூபாய்க்கு வாங்கி வருவதைச் சாமர்த்தியம் என்று நான் நினைக்கவில்லை.

ஜப்பானில் இருந்து நேரடியாக வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம். அங்குள்ள ஏலங்களில் விற்பவர்கள் பலர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், இடையில் வாங்கி அனுப்பித் தரும் சேவைகள் இருக்கின்றன. 'ஜங்க்' என்று போட்டிருந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை, திருப்ப முடியாது என்று பொருள். அதில் செல் தீர்ந்துபோனது மட்டுமே குறையாக இருக்கும் நல்ல வாட்சும் இருக்கும், உள்ளே பச்சை பூத்ததும் இருக்கும். வாட்ச் விலையோடு சேவைக் கட்டணம், தபால், சுங்கவரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஓடும் நிலையில் பாருங்கள். முடியாவிட்டால் கையோடு செல் கொண்டுபோங்கள். முள் நகர்கிறதா என்று இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல அனா-டிஜியில் நொடி முள் கிடையாது, நிற்கிறதா ஓடுகிறதா என்று சட்டென்று தெரியாது. ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். அலாரத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்து அடிக்கிறதா என்று கேளுங்கள். லைட்டை இருட்டில் பாருங்கள். அரிசி அளவு குட்டி பல்பு அது, எரிந்துபோயிருக்கும். சில மாடல்களில் குறிப்பிட்ட பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் திரையின் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் தெரியும். 8 என்ற எண்ணில் ஏழு கோடும் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

அப்புறம் பின்மூடி. திருகாணித் தலை தேய்ந்திருந்தால் பலர் திறந்து பார்த்த வாட்ச். சீக்கோவில் பின்மூடியில் எச்558-5000 என்பது போல மெஷின் எண்ணும் கேஸ் எண்ணும் இருக்கும். டயலின் அடி விளிம்பில் மிகப் பொடியாக அதே மெஷின் எண் வர வேண்டும். வரவில்லை என்றால் டயல் வேறு வாட்சில் இருந்து வந்தது, அல்லது மறுபடி அச்சடித்தது. நம் நாட்டில் பழைய வாட்ச் டயல்களைப் புதிதாகப் பெயிண்ட் அடித்து நெட்டில் விற்பது சாதாரணமாகிவிட்டது. நாற்பது வருட வாட்சில் டயல் மட்டும் நேற்று வாங்கியது போல ஜொலித்தால், எழுத்து தடித்திருந்தால், விலகுங்கள். பளபளவென்று பாலிஷ் போட்டு கேஸின் விளிம்பு மழுங்கியதும் எனக்கு வேண்டாம். கீறல் இருக்கட்டும்.

எந்த வருடம் செய்தது என்று எப்படித் தெரியும்?

சீக்கோவில் சீரியல் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு அந்த மாதப் பெயர்களின் ஆங்கில முதல் எழுத்து. ஒரு ஆர்னியின் சீரியல் 28 என்று தொடங்கினால் 1982 ஆகஸ்ட். சிட்டிசனில் முதல் இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம், 509 என்றால் 1985 செப்டம்பர். பத்து வருடக் குழப்பம் வரும்போது அந்த மாடல் எந்தக் காலத்தில் விற்றது என்பதை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். கேசியோவில் பின்மூடியில் சின்னக் கட்டத்துக்குள் இருப்பது மாட்யூல் எண், அதாவது உள்ளே இருக்கும் மெஷினின் எண், மேனுவல் தேட அதுதான் வழி.

திரை மங்கிவிட்டது, எண் தெரியவில்லை. வாட்ச் செத்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். எல்சிடி கண்ணாடியின் முன்னும் பின்னும் போலரைசர் என்ற மெல்லிய ஷீட் ஒட்டியிருக்கும். ஈரமும் வெயிலும் பட்டு முதலில் கெடுவது அதுதான். பழுப்பாகும், கொப்பளம் விடும், சில சமயம் புளித்த வாசனைகூட வரும். ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸை எடுத்துத் திரைக்கு மேல் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் எண் தெளிவாகத் தெரிந்தால் கண்ணாடி நன்றாக இருக்கிறது, முன் ஷீட் மட்டும்தான் போயிருக்கிறது. பொறுமையுள்ளவர் பழைய ஷீட்டை உரித்துப் புதியதை அளவாக வெட்டி ஒட்டலாம். திசை மாற்றி ஒட்டினால் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகத் தெரியும். சிலர் அதை வேண்டுமென்றே செய்கிறார்கள், எனக்கு ஒரிஜினல்தான் பிடிக்கும்.

சில கோடுகள் மட்டும் வரவில்லை என்றால் சர்க்யூட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் கோடு போட்ட ரப்பர் பட்டையில் அழுக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பல நேரம் வந்துவிடும்.

திரையில் மை கொட்டியது போலக் கருப்புத் திட்டு இருந்தால் உள்ளே இருக்கும் திரவம் கசிந்துவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை.

ஊட்டிக் குளிரில் வாட்ச் மெதுவாகிறது என்கிறார்கள், உண்மையா?

உண்மை, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 தடவை அதிரும். 25 டிகிரியை ஒட்டி சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. அதைவிடக் குளிர்ந்தாலும் சுட்டாலும் அதிர்வு கொஞ்சம் குறையும். மேசை டிராயரில் 10 டிகிரியில் மாதம் முழுக்கக் கிடந்தால் ஏறத்தாழ இருபது நொடி பின்தங்கும். கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூட்டில் அது நேராகிவிடும். டிசம்பர், ஜனவரியில் பெட்டியில் கிடக்கும் வாட்ச் பிந்துவதைப் பார்த்துவிட்டு மெஷினைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் காலையில் வெளியே எடுத்துப்போனால் எண்கள் மாறுவது சோம்பலாக, நிழல் விட்டு மாறுவது போலத் தெரியும். திரைக்குள் இருக்கும் திரவம் குளிரில் கெட்டியாவதால் அப்படி. சூடு வந்ததும் சரியாகிவிடும்.

அப்படியானால் மலையில் வாட்சுக்கு எதிரி எது?

ஈரம். இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது. கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை, நடுநடுவே வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் மேகம். பீரோவில் தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கும் ஊரில் நாற்பது வருட வாஷரை நம்பி வாட்சை வைக்க முடியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. மேட்டுப்பாளையத்தில் வெக்கையும் புழுக்கமுமான மத்தியானத்தில் பின்மூடியைத் திறந்து செல் போட்டு மூடுகிறார்கள். அந்த ஈரக்காற்று உள்ளேயே அடைபட்டுவிடும். குன்னூர் ஏறிக் குளிர் பட்டதும் கண்ணாடியின் உட்புறம் பனி படியும். தண்ணீர் போய்விட்டது என்று பதறுவார்கள். தண்ணீர் போகவில்லை, காற்றோடு போனதுதான். ஆனாலும் அப்படியே விடக்கூடாது, அந்த ஈரம் சர்க்யூட்டிலும் இணைப்புகளிலும் படிந்து அரிக்கும். திறக்க வேண்டுமென்றால் வெயில் அடிக்கும் உலர்ந்த நாளில், பிப்ரவரி, மார்ச்சில் மலையிலேயே திறப்பது நல்லது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. வாட்சைக் கட்டி நன்றாகச் சூடேறவிட்டு, கண்ணாடி மேல் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடத்தில் உட்புறம் மங்கலாகப் பனி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

வைக்கும் முறை எளிது. இறுக மூடும் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். கட்டாத வாட்சில் செல் வேண்டாம். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பாச்சா உருண்டை, கற்பூரம் இருக்கும் பீரோவிலும் வேண்டாம், அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஒட்டிய ஸ்டிக்கர் கறையை எடுக்க வீட்டில் இருக்கும் நீலகிரித் தைலத்தைத் தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்டீல் பின்மூடி என்றால் சரி. பிளாஸ்டிக் கேஸ், அச்சடித்த எழுத்து, பிளாஸ்டிக் கண்ணாடி இவற்றில் கூடவே கூடாது.

எந்த செல் போடுவது?

எஸ்ஆர் என்று தொடங்கும் சில்வர் ஆக்சைடு. எல்ஆர் என்று தொடங்கும் ஆல்கலைன் அதே அளவில் மலிவாகக் கிடைக்கும். அது சீக்கிரம் கசியும், மின்னழுத்தமும் போகப் போக இறங்கும், பழைய சர்க்யூட்டுக்கு ஆகாது. சில மாடல்களுக்கு இரண்டு செல் வேண்டும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

செல் போட்டும் திரை கன்னாபின்னா என்று காட்டினால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். மெஷின் மேல் 'ஏசி' என்று ஒரு புள்ளி பல மாடல்களில் குறித்திருக்கும். ட்வீசரால் அந்தப் புள்ளியையும் செல்லின் பிளஸ் பக்கத்தையும் இரண்டு நொடி தொட்டு எடுத்தால் சர்க்யூட் முதலில் இருந்து தொடங்கும். இந்த ஒரு காரியம் தெரியாமல் குப்பைக்குப் போன அனா-டிஜிகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

அலாரம் திரையில் காட்டுகிறது, சத்தம் வரவில்லை.

சத்தம் எழுப்பும் தகடு பெரும்பாலும் பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். மெஷினில் இருந்து அதற்கு மின்சாரம் போவது மயிரிழை போன்ற ஒரு குட்டி ஸ்பிரிங் வழியாக. எப்போதோ செல் மாற்றியபோது அது தெறித்து விழுந்திருக்கும். அதே அளவு ஸ்பிரிங் போட்டால் பெரும்பாலும் சத்தம் வந்துவிடும். பின்மூடியைத் திறக்கும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கருப்புப் பிளாஸ்டிக் பாகம் தொட்டால் உதிர்கிறதே?

ஜி-ஷாக் போன்றவற்றின் வெளி ஓடு பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரமே வருடக்கணக்கில் அதைச் சிதைக்கும். எண்ணெய் தடவினால் சரியாகாது. உதிரத் தொடங்கியதைக் கழற்றிக் கவரில் போட்டு வைத்துவிட்டு, மாற்று ஓடு போட்டுக் கட்டுங்கள். ஆர்னி கவசத்துக்கும் புதிதாகச் செய்த மாற்றுகள் விற்கிறார்கள். விற்கும்போது அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நிறுவனங்களே மறுபடி வெளியிடுகிறார்களே, பழையதை ஏன் தேட வேண்டும்?

தினமும் கட்ட வேண்டும் என்றால் புதியதே நல்லது. 2019-ல் சீக்கோ ஆர்னியை சூரிய ஒளியில் ஓடும் எச்851 மெஷினோடு, 200 மீட்டருக்கு மறுபடி கொண்டுவந்தது. சிட்டிசன் அனா-டிஜி டெம்ப்பும் கேசியோ ஏடபிள்யூ-500-ம் திரும்ப வந்திருக்கின்றன. குறை சொல்ல எதுவும் இல்லை. நான் பழையதை எடுப்பதற்குக் காரணம், அந்தத் திரையின் சாம்பல் நிறமும், அமுக்கினால் மஞ்சளாக மினுங்கும் பல்பும், ஒரு கை முப்பது வருடம் கட்டித் தேய்த்த பட்டனும் புதியதில் வராது. பழையது என்று சொல்லிப் புதியதை விற்பவர்களும் உண்டு, பின்மூடி எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மழையில் கட்டலாமா? 150 மீட்டர் என்று எழுதியிருக்கிறதே?

எழுதியது 1982-ல், வாஷரும் அந்தக் காலத்தது. வாஷரைப் புதிதாக மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி, அழுத்தச் சோதனை செய்த வாட்ச் என்றால் குன்னூர் தூறலுக்குப் பயமில்லை. அப்போதும் தண்ணீர் பட்டிருக்கையில் பட்டனை அமுக்காதீர்கள். சோதனை செய்யாதது என்றால் குடைக்குள் கையை வைத்துக்கொண்டு நடங்கள், வெந்நீர்க் குளியலுக்கு முன் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.